பல்லேடியமும் எறும்பமிலமும்: ஹைட்ரஜன் வெளியேற்ற வினையின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

பார்மிக் அமிலத்தைப் பல்லேடிய வினையூக்கியால் சிதைத்து ஹைட்ரஜன் பெறும் முறை, இருபத்தொன்றாம் நூற்றாண்டின் ஆற்றல் ஆய்வுகளில் புதுவரவாகவே பெரிதும் பேசப்படுகிறது. ஆயினும் அவ்வினை 1912ஆம் ஆண்டிலேயே அறை வெப்பநிலையில் நிகழ்த்திக் காட்டப்பட்டது. அதன் மறுதலை வினையும் 1914இல் வெளிவந்துவிட்டது. இவ்விரண்டும் அறியப்பட்டிருந்தும் ஆறு பத்தாண்டுகளுக்கும் மேலாக எவரும் அவற்றை எரிபொருளுக்கான வழியாகக் கருதவில்லை. அதே வினை உயிர்வேதியியலுக்குச் சான்றாகவும், உலோக இயற்பியலுக்கு உரைகல்லாகவும், ஆற்றல் துறைக்குக் கொள்கலமாகவும் அடுத்தடுத்து மாறிய வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. பல்லேடியத்தின் ஆற்றலும் அதன் குறையும் ஒரே பண்பிலிருந்து தோன்றுகின்றன என்பதும், கலவை உலோகங்கள் பற்றிய இன்றைய விளக்கங்கள் 1940–1960 காலத்து வினாக்களின் தொடர்ச்சியே என்பதும் இதன் மையக் கருத்துகள்.

திறவுச்சொற்கள்: பார்மிக் அமிலம், பல்லேடியம், வினையூக்கி, ஹைட்ரஜன் சேமிப்பு, பார்மேட், வினையூக்கி நச்சு, அறிவியல் வரலாறு.

முன்னுரை

பார்மிக் அமிலம் தமிழ் வாசகருக்கு முற்றிலும் அயலான பொருளன்று. கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர்த் தோட்டங்களில் ரப்பர்ப்பாலை உறையச் செய்ய நீர்த்த நிலையில் ஊற்றப்படுவது இதுவே. ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளின் தோல் பதனிடும் தொழிலும் இதனை நன்கறியும். நிறமற்றதும் நெடியுடையதுமான இந்நீர்மத்தின் ஒரு லிட்டரில் 53 கிராம் ஹைட்ரஜன் அடங்கியுள்ளது. ஹைட்ரஜன் வளிமத்தை 700 மடங்கு வளியழுத்தத்தில் உருளையில் அடைத்தாலும் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 40 கிராமே கொள்ளும். எனவே கனமான உருளையும் பெரும் அழுத்தமும் இன்றி, சாதாரணக் கலத்தில் ஊற்றி எடுத்துச் செல்லத்தக்க நீர்ம வடிவ ஹைட்ரஜன் இது என்னும் எண்ணம் எழுந்ததில் வியப்பில்லை. எடைக் கணக்கில் பார்த்தால் நிலை வேறு. அமிலத்தின் எடையில் 4.4 விழுக்காடே ஹைட்ரஜன்; எஞ்சியது முழுவதும் கார்பனும் ஆக்சிஜனும்.

அந்த ஹைட்ரஜனை விடுவிப்பதே சிக்கல். பார்மிக் அமில மூலக்கூறு சிதையும்போது அதன்முன் இரு வழிகள் உள்ளன. ஒன்றில் ஹைட்ரஜனும் கார்பன் டைஆக்சைடும் தோன்றும். இதனை ஹைட்ரஜன் நீக்கம் என்பர். மற்றொன்றில் நீரும் கார்பன் மோனாக்சைடும் தோன்றும், இது நீர்நீக்கம். அடர் கந்தக அமிலத்துடன் சூடாக்கினால் பார்மிக் அமிலம் இரண்டாம் வழியிலேயே செல்லும். ஆய்வுக்கூடங்களில் கார்பன் மோனாக்சைடு தயாரிப்பதற்கு நெடுங்காலமாகக் கையாளப்பட்டு வரும் முறையும் அதுவே. வெப்ப இயக்கவியல் நோக்கில் இரு வழிகளும் தாமாக நிகழத்தக்கவை. முதல் வழியில் கட்டிலா ஆற்றல் மோலுக்கு ஏறத்தாழ 33 கிலோஜூல் குறைகிறது, இரண்டாம் வழியில் 12 கிலோஜூல் குறைகிறது. இருந்தும் புட்டியில் உள்ள அமிலம் ஆண்டுக்கணக்கில் பெரும் மாற்றமின்றி இருப்பதற்குக் காரணம், இரு வழிகளிலும் குறுக்கே நிற்கும் ஆற்றல் தடை. எந்தத் தடையைத் தாழ்த்துவது, எதனைத் தொடாமல் விடுவது என்று தெரிவு செய்வதே வினையூக்கியின் பணி. இரண்டாம் வழியில் சிறிதளவு வினை நழுவினாலும் அதில் தோன்றும் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜனைப் பயன்கொள்ளும் எரிபொருள் கலத்தின் பிளாட்டின மின்முனையைச் செயலிழக்கச் செய்துவிடும்.

எறும்பிலிருந்து அமிலம், தாதுவிலிருந்து உலோகம்

எறும்புப் புற்றில் எறியப்பட்ட நீலப்பூ சிவப்பாக மாறுவதை ஐரோப்பிய இயற்கையியலாளர் முன்பே கண்டிருந்தனர். 1671இல் ஆங்கில இயற்கையியலாளர் ஜான் ரே, எறும்புகளை வாலையிலிட்டு வடித்துப் பெறப்பட்ட புளிப்பு நீர்மம் பற்றி இலண்டன் அரச கழகத்தின் இதழில் எழுதினார். வடித்தவர் சாமுவேல் பிஷர் என்பவர். ரே அச்செய்தியை அறிவித்தவர். 1749இல் பெர்லினைச் சேர்ந்த மார்க்கிராப் அதனைத் தூய்மையாகப் பிரித்து ஆராய்ந்தார். இலத்தீனத்தில் எறும்பைக் குறிக்கும் ‘பார்மிக்கா’ என்னும் சொல்லே அமிலத்தின் பெயராயிற்று. 1820களில் டோபரைனர் டார்ட்டாரிக் அமிலத்தை ஆக்சிஜனேற்றம் செய்து எறும்பின் உதவியின்றியே இவ்வமிலத்தைப் பெற்றார். 1855இல் பெர்த்தலோ கார்பன் மோனாக்சைடிலிருந்தும் காரத்திலிருந்தும் அதனை ஆக்கினார். பிற்காலத் தொழில் முறைகளின் வேர் பெர்த்தலோவின் ஆய்விலேயே உள்ளது.

பல்லேடியத்தின் பிறப்பு இதனினும் விந்தையானது. 1800ஆம் ஆண்டின் இறுதியில் வில்லியம் ஹைட் வொல்லாஸ்டனும் ஸ்மித்சன் டென்னன்டும் இணைந்து, இன்றைய கொலம்பியாவிலிருந்து வந்த பிளாட்டினத் தாதுவை ஏறத்தாழ 6,000 அவுன்சு அளவிற்கு வாங்கினர். தாதுவை இராச திராவகத்தில் கரைத்துப் பிளாட்டினத்தைப் பிரித்தபின் எஞ்சிய கரைசலில் புதிய உலோகம் ஒன்று இருப்பதை வொல்லாஸ்டன் 1802இல் கண்டார். முந்தைய மாதங்களில் வானில் கண்டறியப்பட்டிருந்த பல்லஸ் என்னும் சிறுகோளின் பெயரால் அதற்குப் பல்லேடியம் எனப் பெயரிட்டார். ஆனால் தம் பெயரை அவர் வெளியிடவில்லை. 1803 ஏப்ரலில் இலண்டனின் சோகோ பகுதியில் திருமதி பார்ஸ்டர் என்பவரின் கடையில் ‘பல்லேடியம் அல்லது புதிய வெள்ளி’ என்னும் துண்டறிக்கையுடன் அவ்வுலோகம் விற்பனைக்கு வந்தது. இதனை மோசடி எனக் கருதிய வேதியியலாளர் ரிச்சர்ட் செனெவிக்ஸ், கிடைத்த உலோகத்தை விலைக்கு வாங்கி ஆராய்ந்து, அது பிளாட்டினமும் பாதரசமும் சேர்ந்த கலவையே என்று அரச கழகத்திற்கு அறிவித்தார். அவ்வாண்டே அவருக்குக் காப்ளி பதக்கம் கிடைத்தது. அக்கலவையைச் செயற்கையாக ஆக்கிக் காட்டுவோருக்கு 20 பவுண்டு பரிசு தரப்படும் என்று பெயர் தெரியாத ஒருவர் அறிவித்தார். பரிசை எவரும் பெறவில்லை. 1805இல் கண்டுபிடிப்பாளர் தாமே என்று வொல்லாஸ்டன் வெளிப்படுத்தினார். கழகத்தின் செயலாளராக இருந்துகொண்டே இந்த நாடகத்தை அவர் நிகழ்த்தியது அன்றைய அறிஞர் சிலருக்கு உவப்பாக இல்லை என்பதில் வியப்பொன்றுமில்லை.

புதிய உலோகத்திற்குப் பயன் உடனே கிட்டவில்லை. அதன் தனிப்பண்பு வெளிப்பட்டது 1860களில். அரச நாணயச் சாலையின் தலைவராக இருந்த தாமசு கிரகாம், பல்லேடியம் ஹைட்ரஜனைத் தன்னுள் உறிஞ்சுவதை 1866இல் அறிவித்தார். உறிஞ்சப்படும் வளிமத்தின் பருமன் உலோகத்தின் பருமனைப்போல் 900 மடங்கையும் எட்டக்கூடும் என்பதை அவருடைய பிந்தைய ஆய்வுகள் காட்டின. ஹைட்ரஜன் ஒரு மெல்லிய உலோகத்தின் ஆவியாக இருக்கவேண்டும் என்று கருதிய அவர், அதற்கு ‘ஹைட்ரஜனியம்’ எனப் பெயரிட்டு, பல்லேடியமும் ஹைட்ரஜனியமும் சேர்ந்த கலவையில் சிறு பதக்கங்களையும் அடிக்கச் செய்தார். கருத்து நிலைக்கவில்லை. ஆயினும் ஹைட்ரஜனுக்கும் இவ்வுலோகத்துக்கும் இடையிலான நெருக்கம் அன்றே அளவிடப்பட்டுவிட்டது. மூலக்கூறாக வரும் ஹைட்ரஜனைத் தனி அணுக்களாகப் பிளந்து உள்வாங்கும் பரப்பு, அதே எளிமையோடு அணுக்களை மீண்டும் இணைத்து வெளிவிடவும் வல்லது. பின்னாளில் பார்மிக் அமிலச் சிதைவில் பல்லேடியம் பெற்ற இடத்திற்கு இப்பண்பே அடிப்படை.

சான்றாக வந்த வினை

பிளாட்டின இன உலோகங்கள் பார்மிக் அமிலத்தைச் சிதைக்கும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தெரிந்திருந்தது. 1874இல் பாரிசில் செயின்ட்-கிளேர் டெவில், டெப்ரே ஆகியோர் ரோடியத் துகளால் அவ்வமிலம் ஹைட்ரஜனாகவும் கார்பன் டைஆக்சைடாகவும் பிரிவதைக் கண்டனர். 1911ஐ ஒட்டித் துலூசில் சபாத்தியேவும் மெய்லும் அமில ஆவியைப் பல்வேறு உலோகங்கள், ஆக்சைடுகள் மீது செலுத்தி ஒப்பிட்டனர். தைட்டானியம் ஆக்சைடு நீரைப் பிரித்தது, துத்தநாக ஆக்சைடு ஹைட்ரஜனைப் பிரித்தது. ஒரே மூலக்கூறு எந்தப் பரப்பில் படுகிறதோ அதற்கேற்ப வேறு வழியில் உடைகிறது என்னும் உண்மை இதனால் தெளிவாயிற்று. வினையூக்கி வினையை விரைவுபடுத்துவதோடு நில்லாமல் அதன் திசையையும் தெரிவு செய்கிறது என்பதற்கு இதனினும் எளிய எடுத்துக்காட்டு அக்காலத்தில் வேறில்லை.

பல்லேடியத்தின் முறை 1912இல் வந்தது. மியூனிக்கில் பணியாற்றிய ஐன்ரிக் வீலாண்ட் அப்போது எழுப்பிய வினா, உயிர்ப்பொருளில் ஆக்சிஜனேற்றம் எவ்வாறு நிகழ்கிறது என்பதே. ஆக்சிஜன் சேர்வதால் அது நிகழ்கிறது என்பது பொதுக் கருத்து. ஹைட்ரஜன் நீங்குவதே அதன் சாரம், ஆக்சிஜன் நீங்கிய ஹைட்ரஜனை ஏற்றுக்கொள்ளும் பொருள் மட்டுமே என்பது வீலாண்டின் கருத்து. அதனை நிறுவ அவருக்கு ஹைட்ரஜனைப் பற்றியிழுக்கும் பரப்பு ஒன்று தேவைப்பட்டது. பல்லேடியக் கருந்தூள் அதற்கு வாய்ப்பாக அமைந்தது. ஆக்சிஜன் முற்றிலும் விலக்கப்பட்ட கலத்தில், சூடேற்றாத நிலையில், பார்மிக் அமிலம் அத்தூளின் முன்னிலையில் கார்பன் டைஆக்சைடாகவும் ஹைட்ரஜனாகவும் பிரிந்தது. ஆக்சிஜனே இல்லாமல் ஓர் ஆக்சிஜனேற்றம்! ஈரமான கார்பன் மோனாக்சைடு பல்லேடியத்தின் மீது கார்பன் டைஆக்சைடாக மாறும்போது இடையில் பார்மிக் அமிலம் தோன்றுகிறது என்பதையும் அவர் காட்டினார்.

இவ்விடத்தில் சற்று நிற்பது தகும். அறை வெப்பநிலையில் பார்மிக் அமிலத்திலிருந்து பல்லேடியத்தால் ஹைட்ரஜன் என்று இன்று ஆற்றல் இதழ்கள் அறிவிக்கும் நிகழ்வின் சாரம் வீலாண்டின் கலத்தில் முழுமையாக உள்ளது. வெளிவந்த ஹைட்ரஜனை அவர் அளந்தார். ஆனால் அது அவருக்கு விளைபொருளாகத் தோன்றவில்லை. வாதத்திற்கு வேண்டிய சான்றாகவே அது தோன்றியது. அடுத்த இருபது ஆண்டுகள் அவ்வாதம், ஆக்சிஜனைத் தூண்டுவது இரும்பே என்று கூறிய ஓட்டோ வார்பர்க்குடன் நீண்டது. இருவர் கூற்றிலும் உண்மை உண்டு என்று பின்னர் முடிவாயிற்று. ஹைட்ரஜன் வளிமம் அந்த விவாதத்தின் ஓரத்தில் நின்றுவிட்டது.

1914இல் கார்ல்ஸ்ரூவில் கேயார்க் பிரெடிக், கார்ட்டர் என்பவருடன் சேர்ந்து எதிர்த்திசையில் சென்றார். பைகார்பனேட்டுக் கரைசலில் பல்லேடியக் கருந்தூளை இட்டு ஹைட்ரஜனை அழுத்தத்துடன் செலுத்தியபோது பார்மேட் உப்பு உருவாயிற்று. முன்னோக்கிச் செல்லும் வினையை விரைவுபடுத்தும் வினையூக்கி பின்னோக்கிச் செல்வதையும் விரைவுபடுத்தியாகவேண்டும் என்னும் கொள்கைக்கு இது பொருந்தியது. இதே பிரெடிக், நுண்துகள் பிளாட்டினக் கரைசல்களை ‘கனிம நொதிகள்’ என்று முன்பே அழைத்தவர். ஐட்ரோசயனிக் அமிலம் போன்றவை உயிரியைக் கொல்வதைப்போல் அவ்வுலோகத் துகள்களையும் முடக்குவதை அவர் காட்டியிருந்தார். வினையூக்கிக்கு நஞ்சு உண்டு என்னும் வழக்கு வேரூன்றியதில் அவருக்குப் பங்குண்டு. அச்சொல் இக்கட்டுரையில் மீண்டும் வரும்.

நொதி என்னும் உவமை வெறும் உவமையாக நிற்கவில்லை. 1932இல் கேம்பிரிட்ஜில் மார்ஜரி ஸ்டீபன்சனும் ஸ்டிக்லாண்டும், பார்மேட்டை ஹைட்ரஜனாகவும் கார்பன் டைஆக்சைடாகவும் பிரிக்கும் நொதி குடல் நுண்ணுயிரியில் இருப்பதை நிறுவினர். 1936இல் வுட்ஸ் அந்நுண்ணுயிரிகளைக் கொண்டே மறுதலை வினையையும் நிகழ்த்தினார். பல்லேடியம் செய்ததையே நிக்கல், இரும்பு, மாலிப்டினம் ஆகியவற்றைக் கொண்டு நுண்ணுயிரி செய்துகொண்டிருந்தது என்பது பிற்காலத்தில் தெரியவந்தது.

உரைகல்லாக வந்த வினை

இரண்டாம் உலகப் போரை ஒட்டிய காலத்தில் வினா மாறியது. உலோகங்களின் எலக்ட்ரான் அமைப்பை விளக்கும் குவாண்டம் கொள்கை அப்போது வளர்ந்திருந்தது. ஓர் உலோகம் வினையூக்கியாக இயங்குவதற்குக் காரணம் அதன் எலக்ட்ரான்களா, அணுக்கள் பரப்பில் அமைந்துள்ள வடிவமா என்னும் வினா எழுந்தது. விடை காண்பதற்கு எளிய வினை ஒன்று வேண்டும். பார்மிக் அமிலம் அதற்கு ஏற்றதாக இருந்தது. எளிதில் ஆவியாகும், ஒரே மூலக்கூறு தனியே சிதையும், விளைவது வளிமம் ஆகையால் அழுத்தமானி ஒன்றைக் கொண்டே வேகத்தை அளக்கலாம். பொன்னின் மாற்றை உரைகல்லில் காண்பதுபோல் உலோகத்தின் வினையூக்கத் தகுதியை இவ்வமிலத்தில் கண்டனர்.

கேயார்க்-மரியா சுவாப் இதில் முன்னோடி. நாசி ஆட்சியின் நெருக்கடியால் மியூனிக்கை விட்டு நீங்கிக் கிரேக்க நாட்டின் பைரேயசில் தங்கிய அவர், வெள்ளியுடன் பிற உலோகங்களைச் சேர்த்து, சேர்க்கை மாறும்போது பார்மிக் அமிலச் சிதைவின் ஆற்றல் தடை எவ்வாறு மாறுகிறது என்று அளந்தார். 1946இல் வெளிவந்த அவருடைய முடிவுகள், எலக்ட்ரான் செறிவிற்கும் ஆற்றல் தடைக்கும் தொடர்பிருப்பதைக் காட்டின. பிரித்தானியாவில் டேனியல் எலி இவ்வினாவைப் பல்லேடியத்திற்குக் கொண்டுவந்தார். பல்லேடியத்தின் எலக்ட்ரான் கூட்டில் வெற்றிடங்கள் உண்டு. பொன்னைக் கலந்தால் பொன்னின் எலக்ட்ரான்கள் அவற்றை நிரப்பும். ஏறத்தாழ 60 விழுக்காடு பொன் சேரும்போது வெற்றிடங்கள் தீர்ந்துவிடும் என்பது அன்றைய கொள்கை. 1950இல் கூப்பருடன் ஹைட்ரஜன் வினையொன்றிலும், 1957இல் லூயெட்டிக்குடன் பார்மிக் அமிலச் சிதைவிலும், பல்லேடியம்–பொன் கலவைகளின் வரிசையை அவர் ஆராய்ந்தார். பல்லேடியத்துள் கரைந்த ஹைட்ரஜன் அதன் வினையூக்கத் திறனைக் குறைக்கிறது என்பதும் இவ்வகை ஆய்வுகளில் கண்டறியப்பட்டது. கிரகாம் வியந்த உறிஞ்சுதிறன் இங்கே இடையூறாக மாறியிருப்பது நோக்கத்தக்கது.

நெதர்லாந்து ஆய்வாளர்கள் இவ்வினாவைச் சற்று வேறு திசைக்குத் திருப்பினர். ஃபாரன்போர்ட், வான் ரெயன், சாக்லர் ஆகியோர் அகச்சிவப்புக் கதிரைக் கொண்டு, சிதையும் அமிலம் உலோகப் பரப்பில் பார்மேட்டாகப் பற்றிக்கொள்வதைக் கண்டனர். 1960ஐ ஒட்டி அவர்கள் வரைந்த வரைபடம் வினையூக்க இயலில் புகழ்பெற்றது. ஒவ்வோர் உலோகமும் பார்மேட்டை எவ்வளவு உறுதியாகப் பற்றும் என்பதைக் கிடைக்கோட்டிலும், வினைத்திறனைச் செங்குத்துக் கோட்டிலும் குறித்தால் எரிமலை வடிவக் கோடு கிடைக்கிறது. பொன்னும் வெள்ளியும் மிகத் தளர்வாகப் பற்றுவதால் ஒரு சரிவின் அடியில் உள்ளன. இரும்பும் டங்ஸ்டனும் விடாப்பிடியாகப் பற்றுவதால் மறு சரிவின் அடியில் உள்ளன. பிளாட்டின இன உலோகங்கள் உச்சியை ஒட்டி நிற்கின்றன. வினையூக்கி பற்றவும் வேண்டும், விடவும் வேண்டும் என்னும் சபாத்தியேவின் பழைய கருத்துக்கு இவ்வாறு எண்வடிவம் கிடைத்தது.

இக்காலக் கட்டுரைகள் எவற்றிலும் வெளிவரும் ஹைட்ரஜனுக்கு எரிபொருள் என்னும் மதிப்பு இல்லை. அழுத்தமானியில் ஓர் அளவாகத் தோன்றிய வளிமம் ஆய்வு முடிந்ததும் வெளியேற்றப்பட்டது. ஆனால் இவ்வினையின் இயக்கத்தைப் பற்றிய அடிப்படை அறிவில் பெரும்பகுதி அந்த இருபது ஆண்டுகளிலேயே ஈட்டப்பட்டது. பயன்நோக்கு இல்லாத ஆய்வு பயனற்றது என்போர் இப்பகுதியை ஊன்றிப் படிக்கலாம்.

கொள்கலமாக வந்த வினை

1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி வினாவை மூன்றாம் முறை மாற்றியது. ஹைட்ரஜனை நாட்டின் பொது எரிபொருளாக்கும் எண்ணம் வலுப்பெற்றது. 1976இல் அதற்கென ஒரு பன்னாட்டு ஆய்விதழும் தொடங்கப்பட்டது. ஹைட்ரஜனை ஆக்குவதினும் அதனைச் சேமிப்பதே கடினம் என்பது விரைவில் புலனாயிற்று. 1978இல், வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் பெயர்பெற்ற ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த வில்லியம்ஸ், கிராண்டால், புளூம் ஆகிய மூவர், கார்பன் டைஆக்சைடை மின்னாற்றலால் பார்மிக் அமிலமாக்கி வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது பல்லேடியத்தால் சிதைத்து ஹைட்ரஜன் பெறலாம் என்று முன்மொழிந்தனர். ஆக்கம், சேமிப்பு, விடுவிப்பு என்னும் முழுச் சுழற்சியும் அதில் உருப்பெற்றிருந்தது.

1986இல் எருசலேம் ஈப்ரூ பல்கலைக்கழகத்தின் சைட்மன், வீனர், சாசன் ஆகியோர் அமிலத்திற்குப் பதிலாக அதன் உப்பை எடுத்துக்கொண்டனர். பார்மேட்டும் நீரும் சேர்ந்தால் பைகார்பனேட்டும் ஹைட்ரஜனும். அழுத்தத்துடன் ஹைட்ரஜனைச் செலுத்தினால் மீண்டும் பார்மேட். கரித்தூள் மேல் படியவைத்த பல்லேடியம் ஒன்றே இரு திசைகளுக்கும் போதுமானதாக இருந்தது. பிரெடிக் 1914இல் செய்ததே இங்கே சேமிப்புக் கலத்தின் ஏற்றப் பகுதியாக மறுபிறவி எடுக்கிறது. அரிக்கும் அமிலம் இல்லை. கார்பன் டைஆக்சைடும் கரைசலிலேயே தங்கிவிடுகிறது. குறை என்னவெனில், உப்பையும் நீரையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருப்பதால் எடைக்கு ஏற்ற ஹைட்ரஜன் குறைவு.

இத்தகைய முன்மொழிவுகள் ஏன் இருபது ஆண்டுகள் பரவலாகப் பின்பற்றப்படவில்லை? 1986ஆம் ஆண்டே எண்ணெய் விலை சரிந்த ஆண்டு. மாற்று எரிபொருள் மீதான ஆர்வம் அதனுடன் தளர்ந்தது. ஹைட்ரஜனை ஏற்று மின்சாரம் தரும் சிறிய எரிபொருள் கலமும் அப்போது முதிர்ச்சி அடைந்திருக்கவில்லை. சேமித்த பொருளை வாங்குவோர் இல்லாத களஞ்சியம் போலாயிற்று நிலை. இவ்விரண்டில் பின்னதே முதன்மையான காரணம் எனத் தோன்றுகிறது. எரிபொருள் கலம் முன்னேறிய 2000க்குப் பிந்தைய ஆண்டுகளிலேயே பார்மிக் அமிலமும் மீண்டும் கவனம் பெற்றது. இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் மேசலின் குழு அமிலத்தையே நேரடியாக மின்கலத்தில் எரிக்க முனைந்தபோது பல்லேடியம் மின்முனைப் பொருளாகவும் அமைந்தது.

நஞ்சும் கலவையும்

2008இல் ரோஸ்டாக்கில் பெல்லர் குழுவும் லோசானில் லாரன்சி குழுவும், கரைசலில் கரையும் ருத்தேனியச் சேர்மங்களைக் கொண்டு பார்மிக் அமிலத்திலிருந்து ஹைட்ரஜனைத் திறம்பட வெளியேற்றின. கரையும் வினையூக்கியைக் கரைசலிலிருந்து மீட்பது எளிதன்று. திண்ம வினையூக்கிக்கு அத்தொல்லை இல்லை, வடிகட்டினால் போதும். அந்நிலையில் பல்லேடியம் மீண்டும் முன்வந்தது. ஆனால் தனிப் பல்லேடியத்திற்கு ஒரு தீராக் குறை இருந்தது. தொடக்கத்தில் விரைந்து இயங்கி, விரைவிலேயே தளர்ந்தது. நீர்நீக்க வழியில் நழுவிய சிறிதளவு கார்பன் மோனாக்சைடு பல்லேடியப் பரப்பை இறுகப் பற்றிக்கொண்டதே காரணம். தான் ஆக்கிய நஞ்சினாலேயே வினையூக்கி முடங்குகிறது. ஹைட்ரஜனையும் பார்மேட்டையும் ஏற்ற அளவில் பற்றச் செய்யும் எலக்ட்ரான் அமைப்பே கார்பன் மோனாக்சைடையும் பற்றச் செய்கிறது. முன்னதை வைத்துக்கொண்டு பின்னதை மட்டும் அகற்ற முடியாது.

ஆகவே உலோகத்தின் தன்மையையே சற்று மாற்ற வேண்டியிருந்தது. 2008இல் சீனாவின் சாங்சுன் நகர ஆய்வாளர்கள் பல்லேடியத்துடன் பொன்னையும் வெள்ளியையும் கலந்து கரித்தூளில் படியவைத்து, நஞ்சைத் தாங்கும் திறன் கூடுவதைக் காட்டினர். 2011இல் ஆக்சுபோர்டில் டெட்சிரீ, சாங் ஆகியோரின் குழு, வெள்ளிக் கருவின் மேல் மெல்லிய பல்லேடிய ஓடு போர்த்திய நுண்துகளை ஆக்கி, அறை வெப்பநிலையிலேயே ஹைட்ரஜன் பெற்றது. வெள்ளியிலிருந்து பல்லேடியத்திற்கு எலக்ட்ரான் நகர்வதே காரணம், ஓடு மெல்லியதாக இருக்க இருக்க விளைவு மிகும் என்பது அவர்கள் தந்த விளக்கம். அதே ஆண்டில் சப்பானில் சூ சியாங்கின் குழு, நுண்துளைகள் நிறைந்த உலோக–கரிமச் சட்டகத்துள் பொன்–பல்லேடியத் துகள்களை அமைத்தது. 2013இல் பிரௌன் பல்கலைக்கழகத்தில் 2.2 நானோமீட்டர் அளவுடைய வெள்ளி–பல்லேடியத் துகள்கள் ஆராயப்பட்டன. அவற்றுள் 42 பங்கு வெள்ளியும் 58 பங்கு பல்லேடியமும் கொண்ட சேர்க்கையே மிகுந்த திறன் காட்டியது. ஒசாக்காவில் மோரி, யாமாசிட்டா ஆகியோர் காரத்தன்மையுடைய பிசினில் பல்லேடியத்தைப் படியவைத்தனர். பிசினின் காரத்தொகுதி அமிலத்தின் புரோட்டானை ஏற்றுப் பார்மேட்டை உலோகத்திடம் ஒப்படைக்கிறது.

இவ்விளக்கங்களைச் சுவாபும் எலியும் படித்திருந்தால் அயலாக உணர்ந்திருக்கமாட்டார்கள். வெள்ளியும் பொன்னும் பல்லேடியத்தின் எலக்ட்ரான் அமைப்பை மாற்றுகின்றன, அதனால் வினையின் தடை மாறுகிறது என்பதே அன்றும் இன்றும் கூற்று. வேறுபாடு இரண்டு. வெற்றிடங்களை நிரப்புதல் என்னும் எளிய படிமம் கைவிடப்பட்டு, பரப்பிலுள்ள ஒவ்வோர் அணுவின் ஆற்றல் நிலையையும் கணினியில் கணக்கிடும் முறை வந்துள்ளது. மேலும் எலியின் வினா பொன் சேர்ந்தால் திறன் எவ்வாறு குறைகிறது என்பதை ஒட்டியது. இன்றைய வினா பொன் சேர்ந்தால் நஞ்சு எவ்வாறு குறைகிறது என்பது. கலவை ஒன்றே, அதனிடம் எதிர்பார்க்கப்படுவது வேறு. அன்று தூய ஆவியும் உலோகத் தகடும் கம்பியும். இன்று நீர்க்கரைசலும் நானோத் துகளும். இவ்வேறுபாடுகளால் பழைய எண்களைப் புதியவற்றுடன் நேரடியாக ஒப்பிட இயலாது என்பதும் உண்மையே. ஆயினும் வினாவின் தொடர்ச்சியை அது மறைத்துவிடக் கூடாது.

எஞ்சியுள்ள கணக்கு

ஒரு கிலோகிராம் ஹைட்ரஜன் பெற 23 கிலோகிராம் பார்மிக் அமிலம் வேண்டும். உடன் 22 கிலோகிராம் கார்பன் டைஆக்சைடு வெளிவரும். இன்று தொழிற்சாலைகளில் அமிலம் பெரும்பாலும் மெத்தனாலையும் கார்பன் மோனாக்சைடையும் இணைத்து மெத்தில் பார்மேட்டாக்கி, அதனை நீராற்பகுத்துப் பெறப்படுகிறது. அவ்விரு மூலப்பொருள்களும் நிலக்கரியையோ இயற்கை எரிவளியையோ சார்ந்தவை. அத்தகைய அமிலத்தில் கிடைக்கும் ஹைட்ரஜனைத் தூய ஆற்றல் என்பது பொருந்தாது. வெளிவரும் கார்பன் டைஆக்சைடு மீண்டும் அமிலமாக வேண்டும். அம்மாற்றம் ஆற்றல் ஏற்றத்தில் நிகழவேண்டியது. காரத்தைச் சேர்த்து அதனைப் பார்மேட்டாக இறக்குவது எளிது. பார்மேட்டிலிருந்து அமிலத்தைப் பிரிப்பதற்கு மீண்டும் ஆற்றல் செலவாகும். எருசலேம் குழு உப்பிலேயே நின்றதற்கான நியாயம் இங்கே விளங்குகிறது. எடை மிகுதி என்னும் குறை ஊர்திக்குப் பெரிது, ஓரிடத்தில் நிலையாக நிற்கும் தொட்டிக்கு அவ்வளவு பெரிதன்று.

பல்லேடியத்தின் இருப்பும் கருதத்தக்கது. உலகின் பல்லேடியம் பெரும்பாலும் உருசியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் கிடைக்கிறது. அதில் மிகுபகுதி பெட்ரோல் ஊர்திகளின் புகைக்குழாயில் உள்ள மாற்றிக்குச் செல்கிறது. எண்ணெயில் ஓடும் ஊர்தியின் தேவை குறைந்தால்தான் ஹைட்ரஜனுக்கென இவ்வுலோகம் மலிவாகக் கிடைக்கும்.

தூய்மை பற்றிய அளவுகோலிலும் ஓர் இடைவெளி உள்ளது. எரிபொருள் கல ஊர்திக்குரிய ஹைட்ரஜனில் கார்பன் மோனாக்சைடு பத்து இலட்சத்தில் 0.2 பங்கைத் தாண்டக் கூடாது என்பது பன்னாட்டுத் தர நெறி. ‘கார்பன் மோனாக்சைடு காணப்படவில்லை’ என்று அறிவிக்கும் ஆய்வுக் கட்டுரைகளில், அளவிட்ட கருவியின் கண்டறி எல்லை பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 10 பங்காக இருப்பதுண்டு. நெறி கோருவதற்கும் கருவி காண்பதற்கும் இடையே ஐம்பது மடங்கு வேறுபாடு. எனவே ஒரு கலவை மற்றொன்றினும் சிறந்தது என்னும் கூற்றை ஏற்குமுன் அதன் வினைவேகத்துடன் அக்கட்டுரையில் குறிக்கப்பட்ட கண்டறி எல்லையையும், வினையூக்கி எத்தனை மணி நேரம் தொடர்ந்து இயங்கியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சில நிமிடங்களில் முடியும் ஆய்வில் நஞ்சின் விளைவு வெளிப்படாமலே போகலாம். தனிப் பல்லேடியமும் அந்த முதற்சில நிமிடங்களில் நன்றாகவே இயங்குகிறது.